குரல் அவளுடையது, நிலையம் யாருடையது?

எழுதப் பழகாத ஒரு பெண் பத்திரிகைக்கு உரிமையாளர் ஆனது திருவல்லிக்கேணியில்தான். வை. மு. கோதைநாயகிக்கு ஐந்து வயது தாண்டியதும் கல்யாணம் ஆகிவிட்டது. பள்ளிக்கூடப் படிப்பு கிடையாது. வீட்டுப் பிள்ளைகளுக்கு இட்டுக்கட்டிக் கதை சொல்வார். கேட்பதற்கு அக்கம்பக்கத்துப் பெண்களும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அவர் வாயால் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதிக்கொடுத்த ‘இந்திர மோகனா’ நாடகம் 1924இல் அச்சேறியது. அடுத்த ஆண்டே ‘ஜகன்மோகினி’ மாத இதழைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். சுமார் 35 ஆண்டுகள் அதை விடவில்லை. இடையில் 115 நாவல்கள் எழுதினார், மேடையில் பேசினார், பாடினார், சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போனார், சொந்தமாக ஓர் அச்சகமும் வைத்தார்.

இந்தப் பட்டியலில் அச்சகம்தான் முக்கியம். வெறும் எழுத்தாளராக இருந்திருந்தால், கதையை யாரோ ஓர் ஆசிரியரின் மேசையில் வைத்துவிட்டு அவர் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும். காகிதம் வாங்குவதும், அச்சுக்கோப்பவருக்குக் கூலி கொடுப்பதும், ஏஜென்டு பாக்கியை வசூலிப்பதும் அவர் பொறுப்பில் இருந்தன. அதனால் எது அச்சேறும், எது ஏறாது என்பதும் அவர் கையில் இருந்தது. கணவர் வை. மு. பார்த்தசாரதி துணை நின்றார் என்பது உண்மை. ஆனால் வாசகர்கள் அதை ‘வை.மு.கோ. பத்திரிகை’ என்றுதான் அறிந்திருந்தார்கள்.

அந்தக் காலத்துச் சென்னையில் அவர் தனி ஆள் இல்லை. 1901இலேயே கமலா சத்தியநாதன் இங்கிருந்து ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ நடத்தத் தொடங்கினார். பெண்கள் நாட்டை ஆளும் உலகத்தைக் கற்பனை செய்த வங்காள எழுத்தாளர் ரொக்கேயாவின் ‘சுல்தானாவின் கனவு’ முதலில் வெளிவந்தது அந்த இதழில்தான், 1905இல். 1914இல் அன்னி பெசன்ட் ‘மெட்ராஸ் ஸ்டாண்டர்டு’ நாளிதழை விலைக்கு வாங்கி ‘நியூ இந்தியா’ என்று பெயர் மாற்றினார். பத்திரிகைச் சட்டத்தின் கீழ் அரசு அவரிடம் ஜாமீன் தொகை கேட்டது. கட்டிவிட்டுத் தொடர்ந்து எழுதினார். 1917 மே மாதம் அடையாறில் உருவான இந்திய மாதர் சங்கம் ‘ஸ்திரீ தர்மா’ இதழைக் கொண்டுவந்தது. 1930களில் அதன் ஆசிரியப் பொறுப்பை முத்துலட்சுமி ரெட்டி வகித்தார். அடையாறுக்கும் திருவல்லிக்கேணிக்கும் இடையிலான இந்தச் சில மைல் தூரத்துக்குள், பெண்கள் சொந்தமாக நடத்திய நாளிதழும் மாத இதழும் இயக்க ஏடும் இருந்தன.

இதே திருவல்லிக்கேணியின் ஆறு இளைஞர்கள் சேர்ந்து, ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கி, 1878 செப்டம்பர் 20 அன்று 80 பிரதிகளோடு ஆரம்பித்த ‘தி இந்து’ இன்றும் வருகிறது. அந்தக் குழுமத்தின் தலைவர் நாற்காலியில் 2020இல் மாலினி பார்த்தசாரதியும், 2023இல் நிர்மலா லட்சுமணும் அமர்ந்தார்கள். இருவரும் பத்திரிகையாளர்கள், இருவரும் உரிமையாளர் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். ‘ஜகன்மோகினி’ கோதைநாயகியோடு முடிந்துவிட்டது.

ஊடகத்தில் பெண்கள் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் முதலில் திரையில் தெரியும் முகங்களைத்தான் எண்ணுகிறார்கள். இன்று எந்தத் தமிழ்ச் செய்தி டிவியைப் போட்டாலும் ஆங்கர் நாற்காலியில் ஒரு பெண் இருக்கிறார், அதனால் விஷயம் தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். பெண்ணிய அமைப்புகள் உலகம் முழுக்க ஐம்பது ஆண்டுகளாக விடாமல் கேட்டுவருவது வேறு: நிலையம் யாருடையது? ஆளை வேலைக்கு எடுப்பவர், நீக்குபவர், தலைப்புச் செய்தியைத் தீர்மானிப்பவர் யார்? 1995இல் பெய்ஜிங்கில் நடந்த ஐ.நா. மகளிர் மாநாட்டின் செயல்திட்டம் ஊடகத்துக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியது. அதன் முதல் இலக்கு, முடிவெடுக்கும் இடத்தில் பெண்களின் பங்கைக் கூட்டுவது. கோதைநாயகியின் அச்சகம் தந்தது அந்த இடத்தைத்தான்.

ஒலிபரப்பு வந்தபோது நிலைமை மாறியது. சென்னை மாநகராட்சி 1930இல் வானொலியைக் கையில் எடுத்து மெரினாவில் ஒலிபெருக்கி வைத்துப் பாட்டுக் கேட்கச் செய்தது. 1938 ஜூன் 16 அன்று எழும்பூரில் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பட்டது. அச்சகம் வைக்க ஓரளவு பணமும் துணிச்சலும் போதும். அலைவரிசைக்கோ அரசின் அனுமதி வேண்டும். பல பத்தாண்டுகளுக்கு அரசைத் தவிர வேறு யாருக்கும் அந்த அனுமதி கிடையாது. ஆகவே பெண்கள் உள்ளே போன வழி ஒன்றுதான்: குரல். அதிலும் எல்லாப் பெண்களுக்கும் கதவு திறக்கவில்லை. 1946இல் ஒலிபரப்புத் துறையை வைத்திருந்த வல்லபாய் படேலின் உத்தரவு, தனிவாழ்க்கை பற்றிப் பொதுவில் அவப்பேச்சு உள்ளவர்கள் வானொலியில் பாடக் கூடாது என்றது. அடிபட்டவர்கள் பெரும்பாலும் பரம்பரையாகப் பாடிவந்த பெண்கள். பாடகரின் நடத்தையை அளக்கும் அதிகாரம் நிலையத்தை வைத்திருப்பவரிடம் இருந்தது. அதுவே உடைமை என்பதன் பொருள்.

‘ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி.’ இந்த ஒரு வரியைக் கேட்டுக் காபி குடித்த தலைமுறை இன்னும் திருவல்லிக்கேணி வீடுகளில் இருக்கிறது. டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி வாசித்த முதல் பெண் அவர். 2022 ஆகஸ்டில் மறைந்தார். பெயர் ‘நாராயணசுவாமி’ என்று முடிந்தாலும் அது ஒரு பெண்ணின் அதட்டாத, உறுதியான குரல். நாட்டின் பெரிய செய்தியைச் சொல்லும் தகுதி பெண் குரலுக்கு உண்டு என்பதைச் சண்டை போடாமல் நிலைநாட்டியது. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி வந்த பிறகு ஷோபனா ரவி போன்றவர்கள் முகமும் சேர்ந்த குரலானார்கள். சேப்பாக்கம் சுவாமி சிவானந்தா சாலையில் இருக்கும் தூர்தர்ஷன் நிலையத்துக்குத் திருவல்லிக்கேணியின் அஞ்சல் எண்தான், 600005. பார்த்தசாரதி கோயில் தேரடியிலிருந்து நடந்தே போய்விடலாம். கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் வானொலி நிலையம்.

செய்தி வாசிக்கும் அறையைக் கிட்டே போய்ப் பார்த்தால் விஷயம் துலங்கும். ஒரு மேசை, ஒரு மைக், சிவப்பு விளக்கு. வாசிப்பவர் கையில் தாள்கள். அதில் எந்தச் செய்தி முதலில், எது கடைசியில், எது இல்லவே இல்லை என்பது அந்த அறைக்கு வெளியே முடிவாகிவிட்டது. வாசிப்பவர் உச்சரிப்பைத் திருத்தலாம், வாக்கியத்தைக் கொஞ்சம் ஒடித்து வாசிக்கலாம். அவ்வளவுதான். தனியார் சேனலில் தாளுக்குப் பதில் டெலிபிராம்ப்டர். காதில் செருகியிருக்கும் கருவியில் கன்ட்ரோல் ரூம் பேசிக்கொண்டே இருக்கும். ‘இவரை மடக்குங்க’, ‘பிரேக் போங்க’ என்று உத்தரவிடும் அந்தக் குரல் யாருடையது என்பதைப் பார்வையாளர் அறிவதில்லை.

1993இல் சன் டிவி, அடுத்து ராஜ் டிவி, பிறகு ஜெயா, கலைஞர், புதிய தலைமுறை என்று தமிழ்நாட்டின் தனியார் தொலைக்காட்சி வளர்ந்தது கட்சி, குடும்பம், பெருவணிகம் என்ற மூன்று கால்களில். தொழிலில் பெண்கள் குவிந்தார்கள். நிருபர், காப்பி எடிட்டர், தொகுப்பாளர், தயாரிப்பாளர் என்று ஆயிரக்கணக்கான வேலைகள் உண்டாயின. நிலையத்தைத் தன் பணத்தில், தன் பெயரில் தொடங்கிய பெண்ணைத் தேடினால்தான் கைவிரிக்க வேண்டியிருக்கிறது. இயக்குநர் குழுவில் இருக்கும் பெண்கள் பெரும்பாலும் உரிமையாளர் வீட்டிலிருந்து வந்தவர்கள். அவர்களில் திறமையோடு நிர்வாகம் செய்பவர்களும் உண்டு. ஆனால் அந்த வழி பிறப்பாலோ திருமணத்தாலோ திறக்கும் வழி. ராயப்பேட்டையில் அறை எடுத்துத் தங்கி, பத்தாண்டு நிருபராக ஓடிய ஒரு பெண்ணுக்கு அது திறக்காது.

இந்திய அளவில் நியூஸ்லாண்ட்ரி, ஃபெமினிசம் இன் இந்தியா ஆகிய தளங்கள் ஐ.நா. மகளிர் அமைப்போடு சேர்ந்து 2019இல் ஓர் ஆய்வு வெளியிட்டன. தலைமைப் பொறுப்புகளில் பெண்கள் இணைய ஊடகத்தில் 26.3 சதவீதம், தொலைக்காட்சியில் 20.9, பருவ இதழ்களில் 13.6, நாளிதழ்களில் பத்து சதவீதம்கூட இல்லை. ஊடகம் எவ்வளவு பழையதோ அவ்வளவு குறைவு. அதே ஆண்டு நியூஸ்லாண்ட்ரி ஆக்ஸ்ஃபாமோடு சேர்ந்து நடத்திய மற்றோர் ஆய்வு இன்னும் கசப்பானது. ஆராய்ந்த ஊடகங்களின் செய்தி அறைகளில் 121 தலைமைப் பதவிகள் எண்ணப்பட்டன. 106இல் உயர்சாதியினர் இருந்தார்கள். பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஒருவர்கூட இல்லை.

இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்க்காமல் பன்மை பற்றிப் பேசுவது அரைக் கணக்கு. நூறு வருடங்களுக்கு முன் பத்திரிகை வைத்திருந்த சென்னைப் பெண்களும் படித்த, வசதியான, பெரும்பாலும் மேல்தட்டுக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்தான். கோதைநாயகியைப் பெருமையோடு நினைவுகூரும்போது இதையும் சொல்லத்தான் வேண்டும். தலித் பெண்களும், மீனவப் பெண்களும், இஸ்லாமியப் பெண்களும், திருநங்கையரும் நிலையத்துக்குள் வருவதுதான் உண்மையான சோதனை. 2008இல் விஜய் டிவியில் ‘இப்படிக்கு ரோஸ்’ நிகழ்ச்சியைத் திருநங்கை ரோஸ் நடத்தினார். 2014 சுதந்திர தினத்தன்று கோவை லோட்டஸ் நியூஸில் திருநங்கை பத்மினி பிரகாஷ் செய்தி வாசித்தார். இரண்டையும் நாடே திரும்பிப் பார்த்தது. இரண்டும் திரையில் நடந்தவை. நிர்வாகத்தில் இப்படிச் சொல்ல ஒரு பெயரும் முன்வருவதில்லை.

வேலைக்குள் வந்தவர்கள் தாக்குப்பிடிப்பது இன்னொரு கதை. பெண்கள் ஒதுக்கப்படுவதற்கு நெடுநாள் சொல்லப்பட்ட காரணம் இரவுப் பணி. தொழிற்சாலைகளில் இரவு வேலைக்குப் பெண்களை வைக்கக் கூடாது என்ற 1948ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் செல்லாது என்றது. பாதுகாப்புக்கு ஏற்பாடு செய்வது நிர்வாகத்தின் கடமை என்றும் நிபந்தனைகள் விதித்தது. சட்டம் ஒதுங்கினாலும் பழக்கம் ஒதுங்குவதில்லை. இரவு பதினொன்றரைக்கு ஷிப்ட் முடியும் பெண்ணுக்கு வண்டி வருமா வராதா என்பதில், கிரைம் பீட்டும் அரசியல் பீட்டும் யாருக்கு என்பது முடிவாகிறது. அந்தப் பீட்டுகளில் இல்லாதவர் பத்தாண்டு கழித்து தலைமைச் செய்தியாசிரியர் ஆவதில்லை. மேலே பெண்கள் ஏன் குறைவு என்பதற்கான விடை, கீழே ஒரு கார் ஏற்பாட்டில் இருக்கிறது.

2018 ஏப்ரலில் நடந்ததைச் சென்னைப் பத்திரிகையாளர்கள் மறக்கவில்லை. ராஜ்பவன் செய்தியாளர் சந்திப்பில் கேள்வி கேட்ட ஒரு பெண் பத்திரிகையாளரின் கன்னத்தை அன்றைய ஆளுநர் பன்வாரிலால் புரோகித் தட்டினார். எதிர்ப்பு கிளம்பியதும் மன்னிப்புக் கடிதம் அனுப்பினார். அதைத் தொடர்ந்து, ஊடகத்தில் பெண்கள் வேலை பெறும் விதத்தையே கொச்சைப்படுத்திய ஒரு முகநூல் பதிவை, மயிலாப்பூர் தொகுதியின் முன்னாள் சட்டமன்ற உறுப்பினரும் நடிகருமான எஸ்.வி. சேகர் பகிர்ந்தார். வழக்கு ஆறு ஆண்டுகள் நடந்தது. 2024 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் அவருக்கு ஒரு மாதச் சிறைத் தண்டனை விதித்தது. 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தெருவில் நின்று கோஷமிட்டதும், புகார் கொடுத்ததும், நீதிமன்றப் படியேறியதும் பெண் பத்திரிகையாளர்கள்தான். 2002இல் தொடங்கிய ‘நெட்வொர்க் ஆஃப் விமன் இன் மீடியா, இந்தியா’ போன்ற அமைப்புகள் பணியிடத் தொல்லை, ஊதியம், பதவி உயர்வு என்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குரல் கொடுத்துவருகின்றன.

‘தகுதி இருந்தால் தானாக வருவார்கள்’ என்பது இந்தக் கோரிக்கைகளுக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில். தானாக எதுவும் வருவதில்லை என்பதற்கு லண்டனில் ஒரு சான்று இருக்கிறது. 2017இல் பிபிசி தொகுப்பாளர் ராஸ் அட்கின்ஸ் தன் நிகழ்ச்சியில் பேசிய ஆண்கள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர் என்று ஒவ்வொரு நாளும் முடிவில் எண்ணத் தொடங்கினார். வேறு எந்த விதியும் போடவில்லை. எண்ணியதாலேயே எண்ணிக்கை சமப்பட்டது. மற்ற நிகழ்ச்சிகளும் பின்பற்றின. உலக ஊடகக் கண்காணிப்புத் திட்டம் 1995 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை இதையே உலக அளவில் செய்கிறது. செய்தியில் இடம்பெறுவோரில் பெண்கள் 1995இல் 17 சதவீதம், 2020இல் 25. கால் நூற்றாண்டில் எட்டே புள்ளி. அதே பிபிசியில் சம ஊதியம் கேட்டு, சீனப் பிரிவு ஆசிரியர் கேரி கிரேசி 2018இல் அந்தப் பதவியைத் துறக்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம்.

உடைமைக் கேள்வியில் அதிகம் போராடிப் பார்த்த நாடு அமெரிக்கா. அங்கே 1970களிலேயே தேசிய மகளிர் அமைப்பு, தொலைக்காட்சி நிலையங்களின் உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடாது என்று மனுப் போட்டது. வேலை வாய்ப்பில் பெண்களுக்கும் சம இடம் வேண்டும் என்ற விதி வந்தது. உரிமம் கொடுக்கும்போது பெண் விண்ணப்பதாரருக்குக் கூடுதல் மதிப்பெண் தரும் முறையும் வந்தது. 1992இல் அதை மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பெண் உரிமையாளராக இருந்தால் நிகழ்ச்சி மாறும் என்பதற்குப் புள்ளிவிவரம் எங்கே என்று நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் கேட்டார். பிறகு, பெருநிறுவனங்கள் நிலையங்களை வாங்கிக் குவிப்பதற்கான வரம்பைத் தளர்த்தக் கூடாது என்று பிராமிதியஸ் ரேடியோ என்ற சிறு அமைப்பு கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் வழக்காடியது. பெண்கள், சிறுபான்மையினர் கையிலுள்ள நிலையங்கள் என்னவாகும் என்ற கணக்கு, உரிமம் வழங்கும் அரசு ஆணையத்திடம் இல்லை என்று கீழ் நீதிமன்றம் மீண்டும் மீண்டும் சுட்டிக்காட்டியது. 2021 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ஆணையத்தின் பக்கம் நின்றது. முதலில் கணக்கு இல்லை என்பதால் பெண்கள் தோற்றார்கள். பிறகு கணக்கு இல்லாமலே ஆணையம் வென்றது.

இந்தியாவுக்கு இதில் ஒரு கசப்பான பாடம் உண்டு. இங்கே எண்ணவே ஆரம்பிக்கவில்லை. தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் பட்டியலில் சேனலின் பெயர், நிறுவனத்தின் பெயர், செய்திச் சேனலா இல்லையா என்பதெல்லாம் உண்டு. உரிமையாளரில், இயக்குநர் குழுவில், செய்தி அறையில் பெண்கள் எத்தனை பேர் என்ற பத்தி கிடையாது. கட்சிகளும் மத அமைப்புகளும் ஒலிபரப்பில் இறங்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2014 ஆகஸ்டில் பரிந்துரைத்தது, அதுவே சட்டமாகவில்லை. அரசு வானொலியையும் தூர்தர்ஷனையும் நடத்தும் பிரசார் பாரதிக்கான சட்டத்தின் 12ஆம் பிரிவு, பெண்களின் நிலையும் பிரச்சினைகளும் பற்றி நாட்டுக்கு உணர்த்த வேண்டும் என்று கடமை விதிக்கிறது. நிகழ்ச்சியில் பெண்களைப் பற்றிப் பேசச் சொல்கிறது. நிகழ்ச்சியை யார் தீர்மானிப்பது என்று கேட்கவில்லை.

கேட்பதற்கான அடித்தளம் நம்மிடம் வலுவாகவே இருக்கிறது. 1995 பிப்ரவரி 9 அன்று, வங்காள கிரிக்கெட் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் அலைவரிசைகள் பொதுச் சொத்து என்றது. அரசுக்கும் அவை சொந்தமில்லை, தனியாருக்கும் சொந்தமில்லை. ஆற்று மணலைப் போல, கடற்கரையைப் போல, எல்லோருக்கும் பொது. பொதுச் சொத்தைக் குத்தகைக்கு விடும்போது நிபந்தனை போடுவது சலுகை கேட்பதாகாது. மக்களில் பாதிப் பேர் பெண்கள். சொத்தில் பாதி அவர்களுடையது.

நிபந்தனை போட்டால் நடக்குமா என்ற சந்தேகத்துக்கு, இன்னொரு தென்மாநிலத்தில் விடை இருக்கிறது. தெலங்கானாவின் ஜாகிராபாத் பக்கம் மாச்சனூர் கிராமத்தில் 2008 அக்டோபர் 15 முதல் சங்கம் ரேடியோ ஒலிக்கிறது. நடத்துபவர்கள் தலித் பெண்கள். நிலத்தில் கூலி வேலை பார்த்தவர்கள் ஒலிப்பதிவும் தொகுப்பும் செய்கிறார்கள். சிறுதானிய விதை, மாட்டு வைத்தியம், ஊர்ப் பாட்டு, கூலிப் பிரச்சினை என்று அவர்கள் தேர்ந்தெடுக்கும் பொருளே வேறாக இருக்கிறது. நீதிபதி தாமஸ் கேட்ட ஆதாரம் இதுதான். சென்னையில் நுங்கம்பாக்கம் எம்.ஓ.பி. வைணவ மகளிர் கல்லூரியின் சமுதாய வானொலி 2005 முதல் மாணவிகள் கையில் ஓடுகிறது. மைக்குக்கு முன்னால் மட்டுமல்லாமல் மிக்சர் மேசைக்குப் பின்னாலும் பெண்களே உட்காரும் ஒலிக்கூடம் இந்த நகரத்திலேயே இருக்கிறது.

2024 பிப்ரவரி 13, உலக வானொலி தினம். கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் தென்மாநிலச் சமுதாய வானொலி மாநாடு. நாட்டின் முதல் சமுதாய வானொலியான அண்ணா எஃப்.எம். 2004இல் பிறந்த இடம் அது. அங்கே ஒன்றிய அமைச்சர் திருத்திய கொள்கை வழிகாட்டுதல்களை வெளியிட்டார். விளம்பர நேரம் மணிக்கு 7 நிமிடத்திலிருந்து 12 நிமிடமாக உயர்ந்தது. பத்து விநாடிக்கு 52 ரூபாய் என்றிருந்த அரசு விளம்பரக் கட்டணம் 74 ஆனது. பத்திரிகைகள் அதைத்தான் தலைப்பாக்கின. அதே வழிகாட்டுதலில் இன்னொரு விதியும் இருந்தது: நிலையத்தின் ஆலோசனை மற்றும் உள்ளடக்கக் குழுவில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். எதை ஒலிபரப்புவது என்று முடிவு செய்யும் குழு அது. இத்தனை காலம் ‘சாத்தியமில்லை’ என்று சொல்லப்பட்டது, சிறு நிலையங்களுக்கு ஒரே விதியில் சாத்தியமாகிவிட்டது.

அந்த விதி லாபமில்லாத சிறு நிலையங்களோடு நிற்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை. தனியார் பண்பலைக்கான 2011ஆம் ஆண்டு விதிகள், ஒரு நிறுவனம் நாடு முழுவதும் 15 சதவீதத்துக்கு மேல் நிலையங்களை வைத்திருக்கக் கூடாது என்று வரம்பு கட்டியிருந்தன; 2022இல் அரசு அதை நீக்கியது. உடைமைக்கு வரம்பு போட அரசால் முடியும் என்பதற்கு அந்தப் பழைய விதியே போதும். உரிம விதிகளில் மூன்று வரி சேர்ந்தால் போதும்: உரிமையாளர், இயக்குநர், பணியாளர் கணக்கை ஆண்டுதோறும் பால்வாரியாகவும் சமூகவாரியாகவும் வெளியிடுதல், உள்ளடக்கக் குழுவில் பாதிப் பெண்கள், இரவுப் பணிக்கு வாகனமும், இயங்குகிற புகார்க் குழுவும். பெண்கள் அமைப்புகளும் பத்திரிகையாளர் சங்கங்களும் வாசகர்களும் இதை இப்போதே எழுதிக் கேட்க வேண்டும். பழைய தனியார் பண்பலை நிலையங்கள் புதிய விதிகளுக்கு மாறியது 2015 ஏப்ரல் 1 முதல். அனுமதிக் காலம் 15 ஆண்டுகள். 2030 மார்ச் 31 அன்று அந்த உரிமங்கள் முடிகின்றன.